கேட் வரைக்கும் வருகிறவர்

நாம் கேட்டில் கை வைப்பதற்குள் அவர் வந்துவிடுவார்.

மேலத்தெருவில் கடைசி வீடு அவருடையது. சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கட்டியது. முன்னால் போர்ட்டிகோ, அங்கிருந்து இரண்டு பக்கமும் செம்பருத்தி வைத்த சிமெண்டுப் பாதை, பாதி வழியில் ஓரமாக ஒரு துளசி மாடம், கடைசியில் நெஞ்சளவு உயரத்துக்கு இரும்புக் கேட். ஹால் ஜன்னலை ஒட்டிச் சாய்வு நாற்காலி போட்டிருப்பார். அதில் இருந்தபடியே சாலை தெரியும். வருகிறவர் யாரென்று தெரிந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வருவார். "வாங்க, வாங்க, வாங்க" என்று மூன்று முறை சொல்வார். இரட்டைக் கேட்டில் ஒரு பாதி எப்போதும் சாத்தியிருக்கும். திறந்த பாதியில் அவர் நிற்பார்.

எங்கள் தெரு வாய்க்காலுக்குத் தெற்கே. குத்தாலத்திலிருந்து வருகிற சாலை மேலத்தெருவைத் தாண்டி, மதகைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். என் தாத்தாவும் அப்பாவும் அவர்கள் பண்ணையில் நாற்றுப் பறித்தவர்கள். அவருடைய தகப்பனார் காலத்தில் எங்கள் ஆட்கள் கொல்லைப்பக்கம் களத்து ஓரமாக நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வருகிறவரை வெயிலில் நிற்க வேண்டும். தகப்பனார் 1975 கார்த்திகையில் இறந்தார். மகன் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் காரியம், எங்களை முன்பக்கமாக வரச் சொன்னது. அதோடு, 'வா' என்பது 'வாங்க' ஆனது. சிறுவர்களுக்குக்கூட 'வாங்க'தான்.

அப்பா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "எந்த மிராசுடா எழுந்திரிச்சி வந்து வாங்கன்னு கூப்புட்டான்? இவரு கூப்புடுறாருல்ல? அதப் பாரு."

நானும் அதைத்தான் பார்த்தேன், வெகுகாலம்.

எனக்குக் கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது 1986 ஆனி மாதக் கடைசியில். வாய்க்காலில் அந்த வருஷம் தண்ணீர் அப்போதுதான் வந்திருந்தது. லட்டுப் பெட்டியோடு போனேன். வழக்கம்போல் எனக்கு முன்னால் கேட்டுக்கு வந்துவிட்டார். பெட்டியை வாங்கி, அங்கேயே பிரித்து, ஒன்றை எடுத்து என் எதிரிலேயே கடித்தார். கடை லட்டுதான். ஆனாலும் என் கையிலிருந்து போனது. மேலத்தெருக்காரர் ஒருவர் எங்கள் கையால் கொடுத்ததை எங்கள் முன்னால் தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நூலகமா? கொடுத்து வச்சவர் தம்பி நீங்க" என்றார். "நில்லுங்க, வந்துடுறேன்" என்று உள்ளே போய், இரண்டு புத்தகங்களோடு திரும்பி வந்தார்.

அன்று தொடங்கியது. அவர் பெரிய படிப்பாளி. தபாலில் புத்தகம் வரவழைப்பார். படித்துவிட்டு எனக்குத் தருவார், நான் படித்துவிட்டுத் திருப்புவேன். சோழர் கால நீர்ப்பாசனம், பர்மாவுக்குப் போனவர்களின் கதை, தஞ்சாவூர் மராட்டியர் வரலாறு என்று கேட்டில் நின்றபடி மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். தாராசுரத்துக் கோயில் சிற்பங்களைப் பற்றி அவர் பேசினால், நாளைக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். கால் வலித்தால் நான் கம்பியைப் பிடித்துக்கொள்வேன், அவர் தூணில் சாய்ந்துகொள்வார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது நிறைய. அதை மறைத்து இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

1994 தை மாதம், அறுவடை முடிகிற சமயம். அப்படி ஒரு பேச்சின் நடுவே அவருடைய உறவுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சாத்தியிருந்த பாதிக் கேட்டைத் தானே திறந்துகொண்டு எங்களைக் கடந்து போனார். இவர் தலையை மட்டும் திருப்பி, "உள்ள போயி உக்காருங்க மாப்ள, காப்பி போடச் சொல்லுங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்த உறவுக்காரர் திறந்துவிட்டுப் போன பாதியை மறுபடி சாத்தினார். பிறகு என்னிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

நானும் பேசினேன். ஆனால் திரும்பி வரும்போது மதகுக் கட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கூப்பிடுகிறவர்களுக்காக அவர் எழுந்து வருவதே இல்லை. நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுப்பார், அவர்கள் போவார்கள். எழுந்து வருவது எங்களுக்கு மட்டும்தான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடியே, "ஆமா, ஒனக்கு இப்பதான் தெரிஞ்சிச்சா?" என்றார். "களத்துலேருந்து கேட்டுக்கு வந்துருக்கோம். அதுக்கே ரெண்டு தலமொற ஆச்சி. போயி வேலயப் பாரு."

எங்கள் தெரு ஆட்கள் அந்த வீட்டுக்குள் போனதே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொல்லை வழியாக மாட்டுக்கொட்டகை வரைக்கும் இரண்டு பேர் தினமும் போய்வந்தார்கள். அது வேறு.

என் சித்தப்பா மகள் மலர் கிராம செவிலியர் வேலைக்கு வந்த பிறகு இந்தக் கேட்டு விவகாரம் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. நான் மனதுக்குள் வைத்துப் புழுங்கியதை அவள் சிரித்துத் தீர்ப்பாள். ரத்த அழுத்தம் பார்க்கப் போனால் கேட்டிலேயே கையை நீட்டினாராம். "நின்னுக்கிட்டுப் பாக்கக் கூடாதுங்க ஐயா, உக்காந்துதான் பாக்கணும்" என்று இவள் சொன்னதும், சிரமம் பார்க்காமல் தானே உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்று அவருக்கு, ஒன்று இவளுக்கு. இவள் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தாராம்.

"எல்லார் வூட்டுலயும் ஹாலு உள்ள இருக்கும். இவரு ஹால கேட்டுல வச்சிருக்காருண்ணே" என்றாள் மலர். "ஃபேன் ஒண்ணுதான் இல்ல."

2016 மாசியில் ஓர் அறுப்பு மெஷின் திரும்பும்போது இடித்துக் கேட்டும் ஒரு தூணும் சாய்ந்துவிட்டன. கொத்தனார் வந்து முடிக்கும்வரை அங்கே வெறும் இடைவெளிதான். அந்த நாட்களில் நான் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வந்தார். கேட் இருந்த அதே இடத்தில், சாத்திய பாதிக்கு இடம் விட்டு, திறந்த பாதியில் நின்றார். நானும் இல்லாத கேட்டுக்கு வெளியே நின்றேன். இருவரும் அரைமணி நேரம் பேசினோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னபோது, "நீங்க பாட்டுக்கு உள்ள நடந்துருக்க வேண்டியதுதானண்ணே, தடுக்கக் கதவா இருந்துச்சு?" என்று கேட்டாள். பிறகு சிரிப்பு வரவில்லை.

2020 மார்ச் இருபத்துநான்காம் தேதி நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. மறுநாள் மேலத்தெரு ஆட்கள் சாலையின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது என்று அட்டை எழுதிக் கட்டினார்கள். ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது. அக்கா தம்பி வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினாள். சம்பந்திகள் சாலையில் நின்று கும்பிட்டுக்கொண்டார்கள். அவர் மட்டும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தெருவில் பாதிப்பேர் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போகிறவர்கள். எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனது. ரேஷன் அரிசி வந்தது, மற்றதெல்லாம் இல்லை. அவர் தன் பத்தாயத்து நெல்லை அரைத்து அரிசியாக்கி, பருப்பு, எண்ணெய், காய் எல்லாம் சேர்த்துக் கட்டி, கேட்டில் வைத்துக் கொடுத்தார். போட்டோ எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சித்திரையில் எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு இல்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். கேட்டிலிருந்து சாலை ஓரமாகச் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக நிற்கச் சொல்லியிருந்தார்.

எங்கள் தெரு ராசாத்தி வாய்த்துடுக்கு. தன் வட்டத்துக்குள் காலை வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்கய்யா, ஒலகத்துக்கே இப்பதான் வட்டம் போடுறாங்களாமே? எங்களுக்குப் போட்டது எப்பங்க?"

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார். "ராசாத்திம்மாவுக்குக் கூட ரெண்டு கத்திரிக்கா போடுங்க" என்றார். அவருக்கு அது குத்தியதா என்று முகத்தைப் பார்த்தேன். மாஸ்க் போட்டிருந்தார்.

அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதியே மேட்டூர் திறந்தார்கள். குறித்த நாளில் திறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மாஸ்கோடு நடவு நட்டார்கள். குறுவை நன்றாக விளைந்தது. நோய் எங்கள் ஊருக்குள் வராமலே போய்விட்டது. முள்ளை அகற்றி அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வந்தது அடுத்த வருஷம். 2021 பங்குனிக் கடைசியில் அவருடைய பங்காளி ஒருவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். உறவு முறையில் போகாமல் இருக்க முடியாது என்று போனார். திரும்பி வந்த சில நாளில் காய்ச்சல். சோதனையில் உறுதியானது. வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லாததால், மூச்சு சீராக இருக்கிறவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்ன நாட்கள் அவை. அப்படி இருப்பவர்களைக் காலையும் மாலையும் போய்ப் பார்க்கிற பொறுப்பு மலருக்கு.

மேலத்தெரு கதவைச் சாத்திக்கொண்டது. அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தது ஒன்றுவிட்ட தங்கை முறையாகும் ஓர் அம்மாள். அந்த அம்மாள் தன் வீட்டிலேயே சமைத்து, கேரியரைக் கேட்டுத் தூணில் வைத்துவிட்டு ஓட்டமாக ஓடினார். காப்பிக்கு உள்ளே போன மாப்பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் எங்களைப் போலவே கேட்டோடு நின்று திரும்பினார்கள். கடைசியில் அந்தக் கேட் எல்லாருக்கும் ஒன்றாகிப்போயிற்று. இதே மனிதர்கள்தான் பின்னால் கருமாதியன்று அந்தக் கேட்டிலேயே அவருடைய படம் போட்டுப் பெரிய பேனர் கட்டினார்கள். 'பண்பின் சிகரம்' என்று அச்சடித்திருந்தது.

மலர் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடிப்பாள். அவர் எழுந்து வருவார். பாதையெல்லாம் நடந்து, கேட்டைத் திறந்து, பாதியில் நின்று, விரலை நீட்டுவார். இவள் ஆக்சிஜன் பார்க்கிற கருவியை மாட்டுவாள். முதல் இரண்டு நாட்கள் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எண் தொண்ணூறுக்குக் கீழே காட்டியது. அவளுக்காக அவர் தூக்கி வந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரையே உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். தொண்ணூற்று நான்கு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, நீங்க நடந்து வர்றதுலதான் கொறையுது. இனிமே எழுந்திரிக்கவே எழுந்திரிக்காதீங்க. படுத்திருங்க, நான் கவச டிரஸ்ஸு போட்டுக்கிட்டு உள்ள வர்றேன்."

"ஐயோ, வேணாம்மா. உள்ள பூராவும் கிருமி. ஒங்களுக்குச் சின்னப் புள்ளைங்க இருக்கு."

"நான் தெனம் எத்தன வூட்டுக்குள்ள போயிட்டு வர்றேன் தெரியுமா? எனக்கு ஒண்ணும் ஆவாது."

"மத்தவங்க வூடு வேறம்மா. ஒங்களுக்கு எதாச்சும் ஆயிட்டா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அவளுடைய நல்லதுக்காகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் காலையிலும் ஹாரன் சத்தத்துக்கு அவர் எழுந்து வந்தார். ஹாரன் அடிக்காமல் போய்ப் பார்த்தாள், ஜன்னலில் பார்த்துவிட்டு வந்தார். போனில், "வரப்போறேன், படுத்தே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போவதற்கு முன்பே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்ததாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிப் படுக்கை கேட்டாள். இல்லை என்றார்கள். படுத்தபடி இருந்தால் தாங்கிவிடுவார், எப்படியாவது நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

அன்று மலர் நேராக என் வீட்டுக்கு வந்தாள். "நீங்க பேசுங்கண்ணே. ஒங்க பேச்சத்தான் கேப்பாரு. தூரம் நடக்கவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டு வந்துருக்கேன். சரிம்மா, சரிம்மாங்கறாரு. நாளைக்கும் இப்படி நடந்தாருன்னா மனுஷன் இருக்க மாட்டாரு."

போன் செய்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "சொல்லுங்க தம்பி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று முதலில் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்க நமக்காக வெயில்ல அலையிறாங்க தம்பி. அவங்கள வாசல்ல நிக்க வச்சிட்டு நான் பாட்டுக்கு உள்ள படுத்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"வாசல்ல நிக்க வேண்டாங்க. உள்ள வர்றேன்னுதான் சொல்லுது."

"அது சரியா வராது தம்பி" என்றார்.

ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது. அந்த நிலையில் இருக்கிற மனிதரிடம் அதைக் கேட்பது எப்படி? "மலர் சொல்றதக் கேளுங்க. தூரம் நடக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். "அதக் கேக்குறேன்" என்று சொன்னார்.

மறுநாள் காலையில் மலர் முழு கவசமும் போட்டுக்கொண்டே போனாள், எப்படியும் உள்ளே நுழைந்துவிடுவது என்று. அவள் கேட்டுக்குப் போவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். ஆனால் அன்று வந்து சேரவில்லை. துளசி மாடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். அவள் கம்பி மேலாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி உள்ளே ஓடினாள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பாதையில் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, "நாற்காலி கொண்டாரலம்மா" என்றாராம். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

கும்பகோணத்தில் இடம் இல்லை. தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே மூன்றாம் நாள் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். மகன் வர விமானம் இல்லை.

மகன் போனிலேயே எல்லாருக்கும் சொல்லிப் பார்த்திருக்கிறான். இறந்தவர் வீட்டில் ஒரு விளக்காவது எரிய வேண்டும், யாராவது போய் ஏற்றி வையுங்கள் என்று. ஒருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவர் வீட்டில் கைக்குழந்தை. யாரும் அந்த வீட்டுக்குள் போகத் தயாரில்லை. கடைசியில் மலருக்குப் போன் செய்தான். "அக்கா, நீங்க தப்பா நெனைக்கலன்னா, உள்ள போயி ஒரே ஒரு வெளக்கு மட்டும்..." என்று அழுதானாம்.

அவள் போனாள். மாலையில் திரும்பி, குளித்துத் துணி மாற்றிக்கொண்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "அவரு எனக்காகத்தான் பயந்தாருன்னு மட்டும் இப்ப சொல்லாதீங்கண்ணே" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"நான் எப்பப் போனாலும் அதுக்குள்ள எப்படிண்ணே எழுந்திரிச்சி வந்துடுறாருன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். இன்னைக்குத்தான் பாத்தேன். அவரு படுக்கிற ரூமு பின்னால, அடுப்படிகிட்ட. அங்க கட்டிலு இல்ல. ஹால்ல, வாசக்கதவ ஒட்டிக் கெடக்குது. ரூம்லேருந்து அதுவரைக்கும் தரையில கட்டில் கால் தேய்ச்ச கோடு."

அவள் காலால் வாசல் மண்ணில் அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினாள்.

"தூரம் நடக்காதீங்கன்னு நான்தான சொன்னேன்? நடக்கல. தூரத்தக் கொறைச்சிருக்காரு. அந்த மூச்ச வச்சிக்கிட்டு, ஒண்டியா, அந்தத் தேக்குக் கட்டில இழுத்துருக்காரு. என்னை உள்ள வாம்மான்னு சொல்ல எவ்வளவு மூச்சு வேணும்?"

தெருவில் யாரோ போனார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளக்கு ஏத்துனியா?" என்று கேட்டேன்.

"ஏத்துனேன். ஏத்திட்டு அந்தக் கட்டிலத் திரும்பப் பழைய எடத்துக்கே இழுத்துப் போட்டேன். நல்லா இருக்கிற எனக்கே மூச்சு வாங்கிடிச்சி. ஈரத்துணி வச்சி அந்தக் கோட்டையும் தொடச்சேன், போகல." வாசல்படியில் உட்கார்ந்தாள். "புள்ள வந்து பாத்தா கேக்கும்லண்ணே, அப்பா கட்டிலு ஏன் இங்க கெடக்குதுன்னு. கேட்டா என்னன்னு சொல்றது?"